ஒப்பந்தத்தில் எழுதப்படாத பணி: அயர்லாந்தின் வாய்மொழித் தேர்வாளர்களும் ஆசிரியர் போராட்டங்களும்

அயர்லாந்தில் பள்ளிப் படிப்பை முடிக்கும் மாணவர்கள் எழுதும் அரசுப் பொதுத்தேர்வுக்கு லீவிங் சர்டிபிகேட் என்று பெயர். 1925இல் முதன்முதலாக நடத்தப்பட்ட இத்தேர்வின் மதிப்பெண்களே பல்கலைக்கழக இடங்களைத் தீர்மானிக்கின்றன. ஐரிஷ் மொழிக்கும், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், இத்தாலியம் முதலிய பிற மொழிகளுக்கும் எழுத்துத் தேர்வுடன் வாய்மொழித் தேர்வும் உண்டு. எழுத்துத் தேர்வு ஜூன் மாதத்தில் நடைபெறும் என்றால், வாய்மொழித் தேர்வு அதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் முன்னதாக, ஈஸ்டரை ஒட்டிய நாட்களிலேயே முடிந்துவிடும். அதை நடத்துபவர்களில் பெரும்பாலோர் பணியிலுள்ள மொழியாசிரியர்கள். ஆனால் அவர்களுடைய ஆசிரியப் பணி ஒப்பந்தத்தில் இந்த வேலைக்கு இடமில்லை. விருப்பமுள்ளவர் ஆண்டுதோறும் தனியாக விண்ணப்பிக்கிறார், தனியாக நியமனம் பெறுகிறார், சம்பளத்தில் சேராத தனிக் கட்டணமும் பயணப்படியும் வாங்கிக்கொள்கிறார். விருப்பமில்லாதவர் விண்ணப்பிக்காமல் இருந்துவிட்டால் அவரை யாரும் ஏன் என்று கேட்க முடியாது. அமைதியான ஆண்டுகளில் இந்த ஏற்பாடு எவர் கண்ணிலும் படுவதில்லை. ஊதியத் தகராறு முற்றும்போதுதான், நாட்டின் தலையாய தேர்வில் கணிசமான பங்கு மதிப்பெண்கள் யாரையும் கட்டாயப்படுத்த இயலாத ஓர் இசைவின் மேல் நிற்பது வெளியே தெரிகிறது.

இப்பணியின் தன்மையைப் புரிந்துகொள்ள அத்தேர்வறைக்குள் நடப்பதை அருகிலிருந்து பார்ப்பது நல்லது. பிரெஞ்சு வாய்மொழித் தேர்வு ஒரு மாணவருக்குச் சுமார் 12 நிமிடம் நடக்கும். தேர்வாளர் வேறொரு பள்ளியிலிருந்து வந்தவராக இருப்பார். தம்முடைய மாணவரைத் தாமே தேர்வு செய்யக் கூடாது என்பது இம்முறையின் அடிப்படை விதி. குடும்பம், ஊர், பொழுதுபோக்கு என்று எளிதாகத் தொடங்கும் உரையாடல், மாணவரின் திறனைப் பொறுத்துக் கடினமான இடங்களுக்கு நகர்கிறது. மொத்தமுள்ள 100 மதிப்பெண்களில் உச்சரிப்புக்கு 20, சொல்வளத்துக்கு 20, வாக்கிய அமைப்புக்கு 30, கருத்தைப் புலப்படுத்தும் திறனுக்கு 30 என்று பிரித்திருக்கிறார்கள். பேச்சு முழுவதும் ஒலிப்பதிவு செய்யப்படுகிறது. தேர்வாளர்களின் மதிப்பீடு ஒரே தரத்தில் இருக்கிறதா என்று மேலாய்வு செய்வதற்கும், பின்னர் மாணவர் மேல்முறையீடு செய்தால் மறுபடி கேட்டுப் பார்ப்பதற்கும் அந்தப் பதிவே சான்று. தேர்வாளர் ஒரே சமயத்தில் உரையாடலை நடத்த வேண்டும், தடுமாறும் மாணவரைச் சங்கடப்படுத்தாமல் மீட்டுக் கொண்டுவர வேண்டும், கேட்டதை நான்கு கூறுகளாகப் பிரித்து எடைபோடவும் வேண்டும். நாள் முழுவதும், அடுத்தடுத்து வரும் ஒவ்வொருவரிடமும் அதே கவனத்துடன் இதைச் செய்ய வேண்டும்.

ஐரிஷ் வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் கனமான பின்புலம் உண்டு. ஐரிஷில் தேறாவிட்டால் லீவிங் சர்டிபிகேட்டே கிடைக்காது என்ற விதி 1973 வரை நடைமுறையில் இருந்தது. அம்மொழியை வாழ்மொழியாக நிலைநிறுத்துவதைத் தன் கடமையாக அறிவித்துக்கொண்ட அரசு, அதைப் பேசத் தெரிகிறதா என்று சோதிக்கும் தேர்வைக் கைவிடவே முடியாது. 2011 வரை மொத்தம் 600 மதிப்பெண்களில் 150, அதாவது கால் பங்கு, பேச்சுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 2012 முதல் அது 240 ஆக, அதாவது 40 விழுக்காடாக உயர்ந்தது: வரவேற்பு உரைக்கு 5, கவிதை வாசிப்புக்கு 35, படத்தொடரைப் பார்த்துக் கதை சொல்வதற்கு 80, பொது உரையாடலுக்கு 120. மாணவர் பேசும் நேரத்துக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்கும் முடிவு மொழிக் கல்வி நோக்கில் சரியானதே. ஆனால் அம்முடிவை எடுத்தபோது, அந்த 240 மதிப்பெண்களை வழங்கப்போகிறவர்கள் விரும்பினால் வரலாம் என்ற நிலையில் உள்ளவர்கள் என்பதைக் கல்வித்துறை மாற்றிக்கொள்ளவில்லை. தேர்வின் எடை கூடிய அளவுக்கு அதைத் தாங்கும் தூண் பலப்படவில்லை.

இந்த விநோதம் எங்கிருந்து வந்தது என்பதை அறிய அயர்லாந்துப் பள்ளிகளின் நிர்வாக வரலாற்றுக்குப் போக வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சியில் 1878ஆம் ஆண்டு இடைநிலைக் கல்விச் சட்டம், பெரும்பாலும் திருச்சபைகள் நடத்திய பள்ளிகளுக்கு நேரடியாக உதவுவதற்குப் பதிலாக, பொதுத்தேர்வில் மாணவர்கள் பெறும் தேர்ச்சிக்கு ஏற்பப் பணம் கொடுத்தது. தேர்ச்சிக்கேற்ற கொடுப்பனவு எனப்பட்ட அம்முறை சுதந்திர அயர்லாந்தில் 1924இல் ஒழிந்தது; ஆசிரியரின் சம்பளத்தில் பெரும்பகுதியை அரசே தரத் தொடங்கியது. எனினும் ஆசிரியரை நியமிப்பதும் நிர்வகிப்பதும் பள்ளி நிர்வாகத்திடமே நின்றன. தமிழ்நாட்டின் அரசு உதவிபெறும் பள்ளியை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதன்று: முதலாளி ஒருவர், சம்பளம் கொடுப்பவர் வேறொருவர். இதன் மேல் மூன்றாவது உறவாக வந்து சேர்ந்தது தேர்வுப் பணி. பொதுத்தேர்வை நடத்தியது கல்வித்துறையின் தேர்வுப் பிரிவு. 2003இல் அப்பொறுப்பு அத்லோன் நகரில் இயங்கும் அரசுத் தேர்வுகள் ஆணையத்துக்கு மாறியது. ஆகவே வாய்மொழித் தேர்வு பள்ளி வேலைநாட்களில் நடந்த காலத்தில், அதை நடத்தச் சென்ற ஆசிரியர் ஒருவர், பள்ளி நிர்வாகத்தின் ஊழியராக விடுப்பு அனுமதி பெற்று, அரசின் சம்பளக்காரராக இருந்துகொண்டே, தேர்வு அமைப்பின் தற்காலிகப் பணியாளராக இன்னொரு பள்ளிக்குள் நுழைந்தார். அவர் போன பின் அவருடைய சொந்த வகுப்பைக் கவனிக்கப் பதிலி ஆசிரியர் ஒருவரைத் தேடும் தலைவலி பள்ளித் தலைமையாசிரியருக்கு இருந்தது.

போராட்டக் காலத்தில் இந்த மூன்று உறவுகளும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கின்றன. வகுப்புக்கு வர மறுத்தால் அது வேலைநிறுத்தம், சம்பளம் போகும். தேர்வாளராக விண்ணப்பிக்க மறுத்தால், அல்லது தகராறு தீரும்வரை நியமனத்தை ஏற்க மறுத்தால், மீறப்படுவதற்கு அங்கே ஒப்பந்தமே இல்லை. இழப்பது அந்த ஆண்டின் தேர்வுக் கட்டணம் மட்டுமே. ஆசிரியர் சங்கத்தின் கணக்கில் இதைவிடச் சிக்கனமான ஆயுதம் கிடையாது: உறுப்பினருக்கு ஆகும் செலவு குறைவு, எதிர்த்தரப்புக்கு உண்டாகும் நெருக்கடி மிக அதிகம்.

ஒப்பந்தத்தில் எழுதப்படாதது எல்லாமே விருப்பப் பணி என்று நீதிமன்றங்கள் எப்போதும் ஒப்புக்கொள்வதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1980களில் எழுந்த இரண்டு வழக்குகள் இதைத் தெளிவாக்கின. ட்ராஃபோர்ட் நகராட்சிப் பள்ளி ஆசிரியர் ஒருவர், சங்கத்தின் கட்டளைப்படி, தம் வகுப்பில் கூடுதலாகச் சேர்க்கப்பட்ட 5 மாணவர்களுக்குப் பாடம் எடுக்க மறுத்தார். மற்றவர்களுக்கு வழக்கம்போல் எடுத்தார். நிர்வாகம் மாதக்கணக்கில் முழுச் சம்பளத்தையும் நிறுத்தியது. 1984இல் தீர்ப்பளித்த நீதிமன்றம், அவர் செய்த வேலையை நிர்வாகம் ஏற்றுக்கொண்டதால் முழுச் சம்பளத்தை மறுக்க முடியாது என்றும், 36 பேரில் 5 பேருக்கு உரிய பங்கை மட்டும் பிடித்துக்கொள்ளலாம் என்றும் கூறியது. ராதரம் நகராட்சி தொடர்பான 1986 வழக்கு இன்னும் நுட்பமானது. வராத சக ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் பதிலிப் பணியை ஆசிரியர்கள் மறுத்தார்கள். அது நல்லெண்ணத்தால் செய்யப்படுவதேயன்றிக் கடமையன்று என்பது அவர்கள் வாதம். ஒப்பந்தத்தில் எழுதியிராவிட்டாலும், பள்ளி நேரத்துக்குள் அத்தகைய ஒத்துழைப்பு ஆசிரியத் தொழிலின் கடமையில் அடங்கியதே என்று நீதிபதி முடிவு செய்தார். இவ்வளவு தூரம் கடமையை விரித்துப் படித்த தீர்ப்புங்கூட, வேறொரு அமைப்புக்காக வேறொரு பள்ளியில் தனிக் கட்டணத்துக்குச் செய்யும் வேலையை அதற்குள் இழுத்துவிட முடியாது. வாய்மொழித் தேர்வாளரின் பணி சட்டத்தின் பார்வையில் பதிலிப் பணியைவிடத் தொலைவில் நிற்கிறது.

அயர்லாந்து இடைநிலை ஆசிரியர் சங்கம் 1909இல் தொடங்கப்பட்டது. தேர்வுப் பணியைப் பேரத்தில் வைக்கும் பழக்கம் இந்தச் சங்கத்துக்கும் ஏனைய ஆசிரியர் சங்கங்களுக்கும் புதிதன்று. 1985இல் ஊதிய நடுவர் குழு ஆசிரியர்களுக்கு 10 விழுக்காடு உயர்வைத் தீர்ப்பாக வழங்கியது. கடன் சுமையில் இருந்த அரசு அதை உடனடியாகத் தர மறுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் டப்ளினின் குரோக் பார்க் விளையாட்டரங்கில் பல்லாயிரம் ஆசிரியர்கள் திரண்டனர். 1986 வசந்த காலத்தில் பொதுத்தேர்வுப் பணியைப் புறக்கணிக்கும் எச்சரிக்கை எழுந்தது. தேர்வுக்கு முன்னரே உடன்பாடு ஏற்பட்டதால் அது கடைசிவரை போகவில்லை. எச்சரிக்கையே போதுமானதாக இருந்தது என்பதைச் சங்கங்கள் கவனிக்கத் தவறவில்லை.

அடுத்த பெரிய மோதல் வளமான காலத்தில் வந்தது. 1990களின் இறுதியில் செல்டிக் புலி என்று அழைக்கப்பட்ட பொருளாதார வளர்ச்சி உச்சத்தில் இருந்தபோது, அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் ஊதிய உயர்வை முன்கூட்டியே தேசிய அளவில் ஒப்புக்கொள்ளும் சமூகக் கூட்டு முறை நடப்பில் இருந்தது. செவிலியர்கள் 1999 அக்டோபரில் 9 நாள் வேலைநிறுத்தம் செய்து தனிப் பலன் பெற்றார்கள். தங்கள் ஊதியம் பிற துறைகளைவிடப் பின்தங்கிவிட்டது என்று கருதிய இடைநிலை ஆசிரியர் சங்கம், சுமார் 17,000 உறுப்பினர்களுடன், 30 விழுக்காடு உயர்வு கேட்டது. தேசிய ஒப்பந்தத்துக்குள் அதைப் பெற வழியில்லை என்பதால், 2000 ஜனவரியில் தேசியத் தொழிற்சங்கப் பேரவையைவிட்டே வெளியேறியது. தொழிற்கல்விப் பள்ளிகளில் வலுவாக இருந்த அயர்லாந்து ஆசிரியர் ஒன்றியமோ பேரவைக்குள்ளேயே இருந்துவிட்டது. ஒரே ஆசிரியர் அறையில் இரண்டு சங்கத்தாரும் அமர்ந்திருந்த பள்ளிகள் உண்டு. ஒரே தேர்வுக்கு இரண்டு சங்கங்களிலிருந்தும் தேர்வாளர்கள் வந்தார்கள்.

2000 நவம்பரில் ஒருநாள் வேலைநிறுத்தங்கள் தொடங்கின. அவற்றுடன், இடைவேளைகளில் மாணவர்களைக் கண்காணிக்கும் வேலையையும் பதிலி வகுப்புகளையும் சங்கம் நிறுத்தியது. இவை ஊதியமில்லாமல் பல்லாண்டுகளாகச் செய்யப்பட்டுவந்த வேலைகள். அதனால் இவற்றைக் கைவிடுவது வேலைநிறுத்தம் ஆகாது என்றது சங்கம். கண்காணிப்பில்லாத பள்ளியைப் பாதுகாப்புக் கருதித் திறக்க முடியாமல் நிர்வாகங்கள் மூடிய நாட்களுக்குக் கல்வித்துறை சம்பளத்தைப் பிடித்தது. ஆசிரியர்களின் சினத்தை 30 விழுக்காட்டுக் கோரிக்கையைவிட இந்தப் பிடித்தமே அதிகம் கிளறியது என்று கொள்ளலாம். பள்ளிக்கு வந்து காத்திருந்தும், செய்யக் கடமைப்படாத ஒன்றைச் செய்யாததற்காகத் தண்டனை பெற்றதாக அவர்கள் உணர்ந்தார்கள். அதன் பிறகு பேச்சுவார்த்தை மேசைக்கு வந்தது தேர்வு. கல்வி அமைச்சர் மைக்கேல் உட்ஸ், ஆசிரியர்கள் வராவிட்டாலும் வெளியாட்களைக் கொண்டு பொதுத்தேர்வை நடத்துவதற்கான மாற்றேற்பாடுகளை முன்னெடுத்தார். மாணவர்களும் எதிர்ப்புத் தெரிவித்துத் தெருவுக்கு வந்தார்கள்.

மாற்றேற்பாடு என்ற சொல் எழுத்துத் தேர்வுக்குப் பொருந்தும். அறைக் கண்காணிப்பாளராக ஓய்வுபெற்ற அலுவலரோ பட்டதாரி இளைஞரோ உட்காரலாம். விடைத்தாள்களைக் கட்டி வைத்துவிட்டுத் தகராறு தீர்ந்த பின் திருத்தலாம். முடிவுகள் சில வாரம் தாமதமாகும், அவ்வளவே. வாய்மொழித் தேர்வில் கட்டி வைப்பதற்கு ஒன்றுமில்லை. கேட்பவர் வராவிட்டால் தேர்வே நிகழவில்லை. உரையாடலை வேறு யாராவது நடத்தி ஒலிப்பதிவை மட்டும் பின்னர் மதிப்பிடலாமே என்ற யோசனையும் பாதி வழியில் நின்றுவிடும்; திறமையற்றவர் நடத்திய உரையாடலில் மாணவர் பேசாமல் விட்டதற்கு அவர் திறமைக் குறைவு காரணமா, கேள்வியின் குறை காரணமா என்று பதிவைக் கேட்பவருக்குத் தெரியாது. ஐரிஷைத் தாய்மொழியாகப் பேசும் மேற்குக் கரையோரப் பகுதிகளில் சரளமாகப் பேசுபவர்களைத் திரட்டலாம். பிரெஞ்சுக்கு டப்ளினில் குடியேறியவர்களைக் கூப்பிடலாம். அவர்களுக்கு மொழி தெரியும்; இரண்டாம் மொழியாக அதைக் கற்ற 17 வயது மாணவரின் தடுமாற்றத்துக்கு 30இல் 17ஆ 21ஆ என்று சொல்லத் தெரியாது. அந்தத் தீர்ப்புத் திறன் வகுப்பறையில் ஆண்டுக்கணக்கில் விளைவது, மொழித் தேர்ச்சியோடு தானே வருவதன்று.

காலவரிசையும் சங்கத்துக்குச் சாதகமாக இருந்தது. பனிக்காலத்தில் தொடங்கிய தகராறு முற்றி ஓங்கும்போது முதலில் எதிர்ப்படுவது ஜூன் மாத எழுத்துத் தேர்வன்று, வசந்தகால வாய்மொழித் தேர்வும் செய்முறைத் தேர்வும்தான். அக்காலத்திய பல்கலைக்கழகச் சேர்க்கைக் கணக்கில் ஒரு மாணவரின் சிறந்த ஆறு பாடங்களுக்குப் பாடத்துக்கு 100 வீதம் 600 புள்ளிகள் உச்சம். தரநிலைகளோ பெரும்பாலும் 5 விழுக்காட்டு இடைவெளியில் பிரிக்கப்பட்டிருந்தன. எனவே ஒரு மொழிப்பாடத்தில் வாய்மொழித் தேர்வின் 25 விழுக்காடு என்பது ஐந்து தரப்படிகளுக்குச் சமம். மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளில் ஒரு படிக்காகவே இடம் போன காலத்தில், இது பெற்றோருக்கு எத்தகைய கலக்கத்தைத் தந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

2001 மார்ச்சில் தொழிலாளர் நீதிமன்றம் தன் பரிந்துரையை வெளியிட்டது. பெயரில் நீதிமன்றம் என்றிருந்தாலும், அயர்லாந்தில் இது தொழில் தகராறுகளை ஆராய்ந்து தீர்வு சொல்லும் அமைப்பு. இத்தகைய தகராறுகளில் அது தரும் பரிந்துரை தரப்பினரைக் கட்டுப்படுத்தாது. அரசுத் துறை ஊதியங்களைத் தனியார் துறையுடன் ஒப்பிட்டு நிர்ணயிக்கும் ஒப்பளவுக் குழுவிடம் ஊதியக் கேள்வியை விடுவதும், கண்காணிப்புப் பணிக்குத் தனி ஊதியம் வழங்குவதும் அதன் சாரம். சங்கத்துக்குள் கடும் பிளவு இருந்தது. எனினும் அவ்வாண்டின் பொதுத்தேர்வுகள் நடந்தேறின. ஒப்பளவுக் குழு 2002இல் ஆசிரியர்களுக்கு 13 விழுக்காடு என்றது. கேட்ட 30 கிடைக்கவில்லை.

இத்தகராறில் இரு தரப்பும் பேசிய மொழியில் பாதி உண்மையே இருந்தது. விருப்பப் பணியை விலக்கிக்கொள்வது தனி ஆசிரியரின் உரிமை என்று சங்கம் சொன்னது சரி. ஆனால் தனித்தனியாக ஆயிரம் பேர் விண்ணப்பிக்காமல் இருப்பதும், ஆயிரம் பேரும் விண்ணப்பிக்கக் கூடாது என்று சங்கம் கட்டளையிடுவதும் ஒன்றாகிவிடா. விருப்பம் என்பது கட்டளைக்குள் வந்தவுடன், போகலாம் என்று நினைக்கும் ஆசிரியருக்கு அந்த விருப்பம் இல்லாமல் போகிறது. தம் சொந்தக் குழந்தை அந்த ஆண்டு தேர்வு எழுதும் ஆசிரியர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். மறுபுறம், மாணவர்களின் எதிர்காலத்தைப் பணயம் வைக்கிறார்கள் என்று குற்றஞ்சாட்டிய அரசு, அந்த எதிர்காலத்தைப் பணியொப்பந்தம் இல்லாத ஒரு கட்டணத்தின் மேல் பல பத்தாண்டுகளாகக் கட்டி வைத்திருந்தது தானே என்பதைச் சொல்லாமல் விட்டது. மலிவாகக் கிடைக்கும்வரை ஒன்றை விருப்பப் பணியாக வைத்துக்கொண்டு, அது மறுக்கப்படும் நாளில் மட்டும் அதைக் கடமை என்று அழைப்பது நியாயமான வாதமன்று. இரண்டில் அரசின் குற்றமே பெரிது. ஏற்பாட்டை வகுத்தது அதுவே, திருத்தும் அதிகாரமும் அதனிடமே இருந்தது.

திருத்துவதற்கு முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் 1985-86 போராட்டத்தில் மதிய இடைவேளைக் கண்காணிப்பு, பள்ளி முடிந்த பின் நடக்கும் கூட்டங்கள் ஆகியவற்றை ஆசிரியர்கள் நிறுத்தியதற்கு அரசின் பதில் கடுமையாக இருந்தது: 1987ஆம் ஆண்டு ஆசிரியர் ஊதியம், பணிநிலைச் சட்டம், ஊதியத்தைப் பேசி முடிவுசெய்துவந்த பர்ன்ஹாம் குழுவை ஒழித்தது, அதன்கீழ் வகுக்கப்பட்ட பணிநிலைகள், ஆண்டுக்கு 195 நாட்களில் 1,265 மணி நேரம் பள்ளித் தலைமை சொல்லும் பணிகளுக்கு ஆசிரியர் கட்டுப்பட்டவர் என்று எழுதி வைத்தன. நல்லெண்ணம் மணிக்கணக்காக மாறியது. பிரான்சில் பாக்கலோரியா என்னும் பள்ளியிறுதித் தேர்வில் தேர்வாளராகப் பணியாற்றுவது ஆசிரியரின் பதவிக் கடமையிலேயே அடங்கும். ஆனாலும் 2019 கோடையில், கல்வி அமைச்சர் ழான் மிஷேல் பிளாங்கேரின் சீர்திருத்தங்களை எதிர்த்து ஒரு பகுதி ஆசிரியர்கள் திருத்திய தாள்களின் மதிப்பெண்களைத் தராமல் வைத்துக்கொண்டபோது, கடமை என்ற சொல் அரசைக் காப்பாற்றவில்லை. விடுபட்ட மதிப்பெண்களுக்குப் பதிலாக ஆண்டு முழுவதும் பள்ளியில் பெற்ற சராசரியை இட்டு நிரப்பினார்கள். கட்டாயம் மறுப்பைத் தடுக்காது, மறுப்புக்கு விலை வைக்கும். அதற்கு மேல் அதனால் ஆவதில்லை.

அயர்லாந்து மூன்றாவது வழியில் சென்றது. அதுவும் கண்காணிப்பு, பதிலிப் பணிகளைப் பொறுத்தவரை மட்டும். 2002இல் அரசு பள்ளிகளுக்கு வெளியிலிருந்து கண்காணிப்பாளர்களை அமர்த்தியது. அதன் பின் ஆசிரியர்களுக்கே ஆண்டுக்கு 37 மணி நேரத்துக்கான கட்டணத் திட்டம் நிலைபெற்றது. நிதி நெருக்கடியில் 2013ஆம் ஆண்டு ஹாடிங்டன் ரோடு ஒப்பந்தம், அப்போது ஆண்டுக்கு 1,769 யூரோவாக இருந்த அந்தக் கட்டணத்தை நீக்கிவிட்டு வேலையை மட்டும் 43 மணி நேரமாக வைத்துக்கொண்டது. 2016 நவம்பரில் சங்கம் மீண்டும் கண்காணிப்பிலிருந்து விலகியபோது ஏறத்தாழ 500 பள்ளிகள் மூடப்பட்டன. இனாமாகத் தொடங்கிய வேலை கட்டண வேலையாகி, கட்டணம் போன பின் கடமையாகவே தங்கிவிட்ட இந்தப் பதினைந்து ஆண்டு வரலாற்றை அறிந்த ஆசிரியர், வாய்மொழித் தேர்வுப் பணியையும் ஒப்பந்தத்துக்குள் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் சந்தேகத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை.

அதே சங்கம் வேறொரு களத்தில் புறத்தேர்வாளர் முறையை உயிராகக் காத்தது என்பதும் கவனத்துக்குரியது. 2012இல் கல்வி அமைச்சர் ரூரி குவின், 15 வயதை ஒட்டி எழுதப்படும் கீழ்நிலைப் பொதுத்தேர்வுக்குப் பதிலாக ஆசிரியர்கள் தம் மாணவர்களைத் தாமே மதிப்பிடும் முறையை அறிவித்தார். இரண்டு சங்கங்களும் எதிர்த்து 2014 டிசம்பரிலும் 2015 ஜனவரியிலும் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தன. சிற்றூர்களில் ஆசிரியரும் பெற்றோரும் ஒரே கடையில் சந்திக்கும் சமூகத்தில், அரசுச் சான்றிதழுக்கான மதிப்பெண்ணை வெளியாள் போட்டால்தான் ஆசிரியர் மாணவருக்குத் துணையாக நிற்க முடியும் என்பது அவர்கள் வாதம். இறுதியில் அரசுச் சான்றிதழுக்கான மதிப்பீடு வெளியே இருப்பவர்களிடமே நின்றது. இந்த வாதத்தில் வலு உண்டு. ஆனால் வெளியாள் வேண்டும் என்றால் யாரோ ஒருவர் தம் வகுப்பை விட்டுப் புறப்பட்டு வெளியாளாகச் செல்லத்தான் வேண்டும். முறையை வேண்டுகிறவர்களே அதற்குரிய ஆளையும் தர வேண்டியவர்கள் என்ற முடிச்சைச் சங்கம் இதுவரை நேராக அவிழ்க்கவில்லை.

போராட்டம் எதுவும் இல்லாமலேயே இந்த ஏற்பாடு எவ்வளவு நொய்மையானது என்பதைப் பெருந்தொற்று காட்டிவிட்டது. 2020 மார்ச்சில் வாய்மொழித் தேர்வுகளை நடத்த முடியாதபோது, அன்றைய கல்வி அமைச்சர் ஜோ மக்ஹியூ, எல்லா மாணவர்களுக்கும் அப்பகுதிக்கு முழு மதிப்பெண் என்று அறிவித்தார். பின்னர் அவ்வாண்டு ஜூன் மாதத் தேர்வே நடைபெறாமல் கணிக்கப்பட்ட தரங்கள் வழங்கப்பட்டன. 2022 முதல் வாய்மொழித் தேர்வுகள் பள்ளி வேலைநாட்களிலிருந்து ஈஸ்டர் விடுமுறையின் முதல் வாரத்துக்கு மாற்றப்பட்டன. வகுப்பை விட்டுத் தேர்வாளர் கிளம்பினால் பதிலிக்கு ஆள் கிடைப்பதில்லை என்பதும், பதிலி கிடைக்காததால் தலைமையாசிரியர்கள் ஆசிரியர்களை விடுவிக்கத் தயங்குகிறார்கள் என்பதும் இந்த மாற்றத்துக்குப் பின்னிருந்த காரணங்களில் முக்கியமானவை. மாணவர்களும் ஆசிரியர்களும் விடுமுறையில் வந்து தேர்வை முடித்தார்கள். விருப்பப் பணி இப்போது விடுமுறையையும் கேட்கிறது.

டப்ளினில் வாடகை ஏறியதால் இளம் ஆசிரியர்கள் பிற நாடுகளுக்குப் போவதும், மொழிப்பாடங்களுக்கு ஆசிரியர் கிடைக்காமல் பள்ளிகள் திண்டாடுவதும், தேர்வாளர் பட்டியலை மேலும் சுருக்குகின்றன. தேர்வுகள் ஆணையம் கட்டணத்தை உயர்த்தியிருக்கிறது. அமைச்சர்களும் அதிகாரிகளும் ஆண்டின் தொடக்கத்தில் ஆசிரியர்களை விண்ணப்பிக்கச் சொல்லி வேண்டுகோள் விடுக்கிறார்கள். 2001இல் ஒரு சங்கத்தின் கட்டளை செய்யக்கூடும் என்று அரசு அஞ்சியதை இன்று கட்டளை ஏதுமில்லாமல், விண்ணப்பப் படிவத்தை நிரப்பாமல் விட்டுவிடும் தனித்தனி ஆசிரியர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களோடு பேரம் பேசுவதற்கு ஒரு மேசைகூட இல்லை. ஐரிஷ் மொழித் தேர்வில் 40 விழுக்காடும் பிரெஞ்சுத் தேர்வில் 25 விழுக்காடும் இன்றளவும் அவர்களுடைய விருப்பத்தையே நம்பியிருக்கின்றன.